தாவூது பண்டாரியின் கட்டில்

ராயபுரம்,
9-6-1957

அன்பு மகள் நவமணிக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நீயும் மாப்பிள்ளையும் அத்தையும் நலம் என்று படித்த பிறகுதான் அன்றைக்குச் சோறு இறங்கியது. கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். உப்பைக் குறைத்துக்கொள். ஊறுகாய் ஜாடியை அத்தையிடமே கொடுத்துவிடு, உன்னை எனக்குத் தெரியும். மத்தியானம் படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை வை.

மெட்ராஸ் காய்ச்சலைப் பற்றிய பேச்சு கரக்பூர் வரைக்கும் வந்துவிட்டதா? மாப்பிள்ளை பேப்பரைப் படித்துக் காட்டினார் என்றும், அதிலிருந்து உனக்குத் தூக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறாய். பேப்பரில் வருவதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலோடு வந்த காய்ச்சல் என்கிறார்கள். உடம்பு வலி, இருமல், சில நாள் ஜுரம். பாதிப் பேர் கஞ்சி குடித்துவிட்டு எழுந்து நடந்தே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தக் காய்ச்சலுக்கென்று தனியாகத் திறந்த வார்டுக்கு என்னைப் பொறுப்பு சிஸ்டராகப் போட்டிருக்கிறார்கள். துறைமுக ரயில் பாதையோரம் இருந்த பழைய சணல் கிடங்கு அது. கட்டில்கள் போட்டு, நடுவில் திரை கட்டி, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். கூட்ஸ் வண்டி போனால் எல்லாக் கட்டிலும் சேர்ந்து ஆடும். என்னோடு வேலை செய்பவர்கள் நல்லவர்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஷரீஃபுன்னிசா என்ற நர்ஸ், நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தூக்க வியாசர்பாடி சுயம்பு, கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஆயா பட்டம்மாள்.

எங்களுக்குச் சிரிப்புக்குக் குறைவில்லை. மூன்றாம் கட்டிலில் தாவூது பண்டாரி என்று ஒரு கிழவர் இருக்கிறார். கப்பலில் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். நாற்பது வருஷம் கடலில் கரண்டி பிடித்தவர். நாங்கள் கஞ்சி கொடுத்தால், "இன்னாம்மா இது, கப்பல் கழுவின தண்ணி கணக்கா கீது" என்று கிண்ணத்தைத் திருப்பித் தருகிறார். ஷரீஃபுன்னிசா தெர்மாமீட்டரைப் பார்த்து நூற்று மூன்று என்றாள். "இதுக்கே பேஜாராவுறியா? நம்ம அடுப்பாண்ட ஒரு நாள் நின்னு பாரு" என்றார். நேற்று சுயம்பு கொஞ்சம் கண் அசந்த நேரத்தில் எழுந்து போய் வார்டு அடுப்பையே பிடித்துக்கொண்டார். அவருக்குப் பினாங்கில் ஒரே மகள். அவள் கையால் வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஒரு வாய் கிடைத்தால் காய்ச்சல் தானே இறங்கிவிடும் என்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் கஞ்சிக் கிண்ணத்தைத் திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொள்வார்.

பிரசவத்துக்கு நீ வருவதைப் பற்றி எந்த யோசனையும் வேண்டாம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அழைத்துப்போக நான் வரவேண்டும், அதுதான் முறை. ஆனால் இப்போது லீவு கேட்க முடியாது. அத்தையிடம் என் நிலைமையைச் சொல்லி, மாப்பிள்ளையையே கொண்டுவந்து விடச் சொல். மாதக் கடைசியில் புறப்படலாம். உனக்குத் துணையும் இருக்கிறது. பட்டம்மாளின் மகள் சொக்கம்மாளும் எண்ணூரிலிருந்து பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள். எட்டு மாதம். தினமும் அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்து வேலிப்பக்கம் நின்று கொடுத்துவிட்டுப் போகிறாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். அவள் வரும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்கும்.

என் கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி விரல் தோல் உரிந்திருக்கிறது.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அம்மா

*

ராயபுரம்,
24-6-1957

என் கண்ணே நவமணி,

இந்தக் கடிதம் வருமுன் தந்தி வந்திருக்கும். "புறப்படாதே. கடிதம் வருகிறது." தந்தியைப் பார்த்து யாருக்கோ என்னவோ என்று அழுதிருப்பாய். எனக்கு ஒன்றுமில்லை. இன்று காலை ஜுரம் பார்த்தேன், இல்லை. நாளைக்கு எப்படியென்று தெரியாது. காரணம் சொல்லாமல் வராதே என்றால் நீ அடுத்த வண்டியிலேயே ஏறிவிடுவாய் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. அத்தை பக்கத்தில் இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமைக்கு டிக்கெட் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். பண்டாரி தாத்தாவுக்குக் குல்லாய் பின்னுகிறேன் என்றும், அவரைப் பார்த்துவிட்டுத்தான் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்றும் எழுதியிருந்தாய்.

தாவூது பண்டாரி என்று ஒருவர் இல்லை, நவமணி. மூன்றாம் கட்டிலில் யார் யாரோ வந்து போனார்கள். அவர்களில் யாருமே சிரிப்பு மூட்டவில்லை.

வார்டு திறந்த புதிதில் சுயம்பு வீட்டுக்குப் போய், அன்றைக்கு எத்தனை பேரைப் பிணமாகப் பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றினான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டான். அது தெரு முழுக்கப் பரவி, வீட்டுக்காரன் வீட்டைக் காலி செய்யச் சொன்னான். பட்டம்மாளோ வார்டில் யாரும் சாகவில்லை என்று தன் வீட்டில் சொல்லியிருந்தாள். இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று முட்டி, கொருக்குப்பேட்டைக் குழாயடியில் பெண்கள் அவள் குடத்தைக் காலால் தள்ளி வரிசைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். "காய்ச்சலைப் புடவைல முடிஞ்சினு வந்து எங்க குடத்துமேல உதறுறியா?" என்றார்களாம். மறுநாள் தண்ணீர் இல்லாமல், குளிக்காமல் வேலைக்கு வந்தாள்.

கிடங்கு வாசலில் எங்களுக்கென்று ஒரு குழாய் உண்டு. வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டுதான் வெளியே போவோம். அங்கே நின்றுதான் சுயம்பு சொன்னான்: "வூட்ல இன்னா சொல்றதுன்னு இங்கியே பேசி முடிச்சுக்கலாம். அல்லாரும் ஒரே கதய சொன்னா எவன் கேப்பான்?" எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கு வார்டு லேசு, யாரும் போகவில்லை என்று சொல்வதாக முடிவு செய்தோம். ஆனால் வெறுமனே லேசு என்றால் வீட்டில் நம்புவார்களா? முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே. சொல்ல ஏதாவது வேண்டும். ஷரீஃபுன்னிசாதான் பண்டாரியை உண்டாக்கினாள், பெயரும் வைத்தாள். கஞ்சியைப் பற்றிய பேச்சு சுயம்புவுடையது. தினமும் குழாயடியில் நின்று, இன்றைக்குப் பண்டாரி என்ன செய்தார் என்று நாலு பேரும் சேர்ந்து கட்டுவோம்.

அது எங்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை உனக்கு எப்படிப் புரியவைப்பேன்? ஷரீஃபுன்னிசா பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள். கழுவிய கையை மறுபடி கழுவுவாள். நான் போய்க் குழாயை மூடுவேன். சுயம்பு பின்வாசலிலிருந்து திரும்பி வந்தால், காலி ஸ்ட்ரெச்சரைத் தோளில் சாய்த்தபடி அப்படியே நிற்பான். அந்த ஆட்கள் குழாயடிக்கு வந்ததும் பண்டாரியைப் பற்றிப் பேசி வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒரு நாள் பட்டம்மாள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நாளிக்கு அவனுக்குப் பேதி குடுத்துடலாம்" என்றாள். அன்று காலைதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஒரு பெண் செத்துப்போயிருந்தாள்.

எனக்கு வீட்டில் பொய் சொல்ல ஆள் இல்லை. அதனால் தபாலில் அனுப்பினேன். பினாங்கு மகளையும் நெத்திலிக் குழம்பையும் சேர்த்தவள் நான்தான். எல்லாரும் ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது என்றார்கள். அவருக்கு எதற்காக ஒரு மகளை, அதுவும் அவ்வளவு தொலைவில், வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

சொக்கம்மாளும் பண்டாரியின் கதையை அம்மா வாயால் தினம் கேட்டாள். போன திங்கட்கிழமை பட்டம்மாளின் சோற்றுத் தூக்கோடு இன்னொரு தூக்கும் கொண்டுவந்தாள். மகள் எங்கேயோ இருக்கிறாளே, கிழவருக்கு ஒரு வாய் கொடுப்போம் என்று நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வேலியருகே அம்மாவைக் காணவில்லை. வாட்ச்மேன் கேட்டதற்கு, "பண்டாரி தாத்தாவுக்கு" என்றாளாம். அவனும் எங்கள் கதையைக் கேட்டு நம்பியிருந்தவன்தான். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டுவிட்டான்.

உள்ளே வந்து ஆண்கள் பக்கம் கட்டில் கட்டிலாகப் போயிருக்கிறாள். மூன்றாம் கட்டிலில் ஒரு சின்னப் பையன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். அதனால் ஒவ்வொரு கிழவரிடமும் குனிந்து, "நீதான் பண்டாரி தாத்தாவா?" என்று கேட்டிருக்கிறாள். மூட்டை தூக்கும் கிழவர் ஒருவர், ஜுரத்தில் தன் பெயரே தெரியாதவர், "ஆமா" என்றார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்கு ஊட்டினாள். அவர் அவள் முகத்துக்கு நேராக இருமினார், அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். வளையல் சத்தம் உள்ளே கேட்டு நான் ஓடினேன். எனக்கு முன்னால் ஷரீஃபுன்னிசா ஓடி, "யா அல்லா, ஏந்திரி புள்ள, ஏந்திரி" என்று அலறினாள். சொக்கம்மாள் ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல எங்களைப் பார்த்து, "ரெண்டு வாய்தான் துன்னாரு" என்றாள்.

குளிக்க வைத்தோம், துணி மாற்றினோம். புதன்கிழமை காலை ஜுரத்தோடு அவளை எங்கள் வார்டுக்கே தூக்கி வந்தான் சுயம்பு. அவளுக்கு அங்கிருந்து வந்ததா, வேறெங்கேயாவது வந்ததா என்று யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நல்ல மனிதர். எங்களுக்காகச் சொன்னார்.

இனி எழுதப்போவதை எழுதக்கூடாது என்று கை நிற்கிறது. நீ ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. ஆனால் சுற்றி வளைத்து எழுதினால் மறுபடியும் ஒரு பண்டாரியைத்தான் உண்டாக்குவேன். இந்தக் காய்ச்சல் பிள்ளைத்தாய்ச்சிகளை விடுவதில்லை, நவமணி. திரைக்கு இந்தப் பக்கம் இந்த ஒரு மாதமாக நான் பார்த்தது அதுதான். மற்றவர்களுக்குக் கஞ்சி குடித்தால் இறங்குவது இவர்களுக்கு நெஞ்சில் இறங்குகிறது. சொக்கம்மாளுக்கு வெள்ளிக்கிழமை நெஞ்சு அடைத்தது. சனிக்கிழமை விடியும்போது வலி வந்துவிட்டது. குழந்தை பிறந்து, கொஞ்ச நேரம் இருந்து, போய்விட்டது. பெண். நான்தான் கையில் வைத்திருந்தேன்.

அவளுக்கு அப்போது நினைவு சரியாக இல்லை. விழித்ததும் குழந்தையைக் கேட்டாள். பட்டம்மாள், "பெரிய ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டில வெச்சிகீறாங்கடி, ஜம்முனு கீது" என்றாள். பிறகு எங்களை வாசல் குழாயடிக்குக் கூப்பிட்டாள். பழைய வழக்கப்படி நாலு பேரும் நின்றோம். "புள்ள நல்லாகீதுன்னு சொல்லிக்கீறேன். சுயம்பு, நீ போயி பாத்துட்டு வந்தேன்னு சொல்லு. நர்ஸம்மா, பால் குடிக்குதுன்னு சொல்லு. சிஸ்டரம்மா, நீயும் அதியே சொல்லிடும்மா. உன் கால்ல வுயறேன்" என்றாள். சுயம்பு சரி என்று தலையாட்டினான். ஷரீஃபுன்னிசா அழுதுகொண்டே குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் கோயிலுக்குப் போகவில்லை. மத்தியானம் சொக்கம்மாளுக்கு ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்யக் குனிந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகம் பேச முடியாது, மூச்சு வாங்கும். விட்டு விட்டுக் கேட்டாள். "சிஸ்டரம்மா. பண்டாரி தாத்தா இல்லதானே? அன்னிக்கே அல்லா கட்டிலியும் பாத்துட்டேன்." பிறகு, "எங்கொயந்தையும் அந்த மாதிரிதானா?" என்றாள்.

பட்டம்மாள் இரண்டு கட்டில் தள்ளித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பது நின்றுவிட்டது. சொல்லாதே என்று அவள் கண்ணால் கெஞ்சியது எனக்குத் தெரியும்.

நான் சொல்லிவிட்டேன். பெண் குழந்தை, இருந்தது, போய்விட்டது, என் கையில்தான் இருந்தது, தனியாக இல்லை என்று சொன்னேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "முடி இருந்துச்சா?" என்று கேட்டாள். நிறைய இருந்தது என்றேன். அது உண்மை.

பட்டம்மாள் அப்புறம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் பேசினாள். "கொஞ்சூண்டு நம்பிக்கைல மூச்சு வுட்டுகினு இருந்தா. அதியும் புடுங்கிட்டே. நீ படிச்சவ, உனுக்கு நெசம் வோணும். எனுக்கு எம்பொண்ணு வோணும்" என்றாள். இன்று வேலைக்கு வந்தாள். என் காலைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் சொன்னது தப்பு என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. சொக்கம்மாள் பிழைக்காமல் போனால் நான் சொன்னதுதான் அவளைக் கொன்றது என்று பட்டம்மாள் நினைப்பாள், ஒருவேளை நானும் நினைப்பேன். ஆனால் பச்சை உடம்போடு, மூச்சுக்குக் கெஞ்சிக்கொண்டு, என் முகத்தில் நிஜத்தைத் தேடிய ஒருத்தியிடம் இன்னொரு கதையைக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று அவளுக்கு ஜுரம் சற்று இறங்கியிருக்கிறது. மூச்சு இறங்கவில்லை. பிழைத்துவிடுவாளா என்று கேட்டால், தெரியாது. உனக்குச் சமாதானமாக ஒரு வரி எழுதலாம். எழுதமாட்டேன்.

இனி உன் விஷயம். வராதே. பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்து வை. ரயிலில் இரண்டு ராத்திரி எத்தனை பேர் இருமலுக்கு நடுவில் உட்கார்ந்து வருவாய். வந்து சேர்ந்தால் வீட்டில் யார்? நாள் முழுவதும் இந்தக் கிடங்கில் மூச்சு விட்டுவிட்டு வரும் நான்தான். உனக்கு நான் வைக்கும் சாப்பாடும், உன் தலையில் வைக்கும் கையும் இதே கைதான். அங்கேயும் காய்ச்சல் வரும், வராது என்று சொல்லமாட்டேன். சந்தைக்குப் போகாதே, கோயிலில் கூட்டத்தில் உட்காராதே, பார்க்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பச் சொல். உடம்பு லேசாக வலித்தாலும் அன்றைக்கே ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போ. நாளை பார்க்கலாம் என்று ஒரு நாள்கூட இருக்காதே.

அத்தைக்கு இதைப் படித்துக் காட்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இடமில்லையா என்று நாலு பேர் கேட்பார்கள், அவரே கேட்கலாம். கேட்கட்டும். சம்பந்தியம்மா, உங்களை நேரில் பார்த்துக் கும்பிட்டுக் கேட்க வேண்டியதைக் காகிதத்தில் கேட்கிறேன். என் மகளை உங்கள் வயிற்றில் பிறந்தவளாக நினைத்துப் பக்கத்தில் இருங்கள். முறை தவறியது என்னால், அவளால் அல்ல. சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லுங்கள், அவளைச் சொல்லாதீர்கள்.

நவமணி, போன கடிதத்தில் பொய் எழுதிய அம்மா இன்று எழுதுவதை எப்படி நம்புவது என்று நீ கேட்கலாம்.  நம்பாவிட்டாலும் பரவாயில்லை, பயந்தாவது இரு. வலி எடுக்கும்போது அம்மா இல்லையே என்று தோன்றும். தோன்றட்டும். என்னைத் திட்டு, அத்தை காதில் விழும்படி சத்தமாகத் திட்டு. பிள்ளை பிறந்த பிறகும் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டு, நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் ஆண்டவர் தம் உள்ளங்கையில் மூடி வைக்கட்டும். என்மேல் கோபமாக இரு, கண்ணே. ஆனால் அங்கேயே இரு.

உன் அம்மா,
சுகிர்தம்